அம்மாள் வராத முகம்

என்ட தங்கச்சி சீதேவிப்பிள்ளைக்கு ஒரே பிள்ளை யசோதினி. எங்கட பக்கத்தில் வீடும் வளவும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். ஆம்பிளை கலியாணம் முடிச்சால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விட வேணும். நானும் இருபத்தாறு வயசில் ஒரு தகரப் பெட்டியோடு ரெண்டு ஒழுங்கை தள்ளிப் போனவன்தான். பிறந்த வீட்டில் எனக்கு ஒரு பாய்கூட இல்லை. ஆனால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு என்ட சொல்தான் சொல். தாய்மாமன் சொன்னால் மறுசொல் இல்லை.

குடி எண்ட வம்சமும் தாய்வழிதான். என்ட பிள்ளைகள் மூண்டும் அதுகள்ட தாய்ட குடி. என்ட வயிற்றுவழி எண்டு சொல்ல எனக்கு இருந்தது தங்கச்சி. தங்கச்சிக்குப் பிறகு யசோதினி. அவள் ஒண்டைப் பெற்றால் எங்கட குடி அந்த வீட்டில் இருக்கும், இல்லாட்டி இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கட ஊர், குருக்கள்மடத்துக்கு இங்கால, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல். ஊர் அம்மன் கோயிலில் எங்கட குடிக்கு நான்தான் வண்ணக்கர். கோயில் காரியத்தில் குடிக்கு ஒரு ஆள் பொறுப்பு நிற்க வேணும். அந்த ஆளுக்கு அந்தப் பேர். படிப்பு எனக்கு மூண்டாம் வகுப்பு. ஆனால் ஆருக்கு ஆர் என்ன முறை எண்டு கேட்டால் ஐந்து தலைமுறை சொல்லுவேன். அதாலதான் சனம் என்ட வாயைப் பார்க்கும்.

யசோதினிக்கு எட்டு வயசில் தகப்பன் போய்விட்டான். காய்ச்சலில்தான் போனான், அந்தச் சண்டைக் காலத்தில் காய்ச்சலில் சாகிறதே ஒரு கொடுப்பினை. பதினாறு வயசில் பிள்ளைக்கு முகப்பரு வந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வரும், போகும். இவளுக்குப் போகேக்குள்ள கன்னத்தைக் கிண்டிக்கொண்டு போனது. நண்டு துளைச்ச வரம்பு மாதிரி ரெண்டு கன்னமும் குழி. சங்கக் கடையில் வேலை கிடைச்சு, காலம எட்டு மணியில் இருந்து தராசுக்குப் பின்னால நிற்பாள். சனம் சீனிக்கும் பருப்புக்கும் வந்து அவள்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"புள்ள, எலுமிச்சம் புளி பூசிப் பாத்தியா?" எண்டு ஒருத்தி.

"பூசினன் மாமி. அது ரசம் வைக்கத்தான் நல்லம்" எண்டு இவள் சொல்லுவாள்.

வாய் அப்படி. மனசு அப்படி இல்லை எண்டு எனக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சு நாலு வந்து நாலும் முகத்தைப் பார்த்துத் திரும்பினது. அஞ்சாவதாக வந்தவன் கல்லடித் திவாகரன், இரும்பு ஒட்டுற வேலைக்காரன். பெண் பார்க்க வந்த அண்டைக்கு அவன்ட தமக்கை, "முகம் கொஞ்சம்..." எண்டு இழுத்தாள். அவன் பலகாரத் தட்டில் இருந்து தலையை எடுக்காமலே, "நீ என்னைக் கண்ணாடியில பாத்திருக்கியா அக்கா?" எண்டான். எல்லாரும் சிரிச்சோம். அப்ப யசோதினிக்கு முப்பத்தொண்டு.

முடிச்ச வருசமே ஒண்டு தங்கி, மூண்டாம் மாதம் கலைஞ்சு போனது. பிறகு அவன் கத்தாருக்குப் போனான். ரெண்டு வருசத்தில் ஒருக்கா வந்தான். அடுத்த லீவு எடுக்கப் போக, கொரோனா வந்து ஆகாயத்தையே மூடிவிட்டார்கள். அப்படி இப்படி நாலு வருசம் போய்விட்டது. கிளினிக்கில் டொக்டர் நோனா இவளுக்குச் சொல்லியிருக்கிறா: "உங்களுக்கு முப்பத்தொன்பது. இனி ஒவ்வொரு மாதமும் பெரிசு. அவர் வந்தா நாளைக் கடத்தாதீங்க."

ராவு ராவாகப் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அந்தப் போனில் முகத்தை மினுக்கிக் காட்டுகிற வித்தை ஒண்டு இருக்கிறது. அமத்தினால் குழி மறையும், கறுப்பு மறையும். யசோதினி அதை அமத்தித்தான் நாலு வருசமும் பேசியிருக்கிறாள். அவன், "நீ அப்பிடியே இரிக்கிறாய், நான்தான் வெயிலில வத்திப் போனன்" எண்டு சொல்லுவானாம். இங்க நிசத்தில், குழியோடு சேர்த்துக் கன்னத்தில் கரும்படையும் விழுந்து கிடந்தது.

ஆடி கழிய வாறதெண்டு இருந்தவனுக்குக் கம்பனி லீவை முன்னுக்கு இழுத்துக் குடுத்தது. வைகாசியில் வா, மூண்டு கிழமை எண்டு. செவ்வாய்க்கிழமை வந்து இறங்குவான். இவளுக்குத் தெரிஞ்சது அதுக்கு முதல் கிழமை. புதன்கிழமை தாய்ட்ட, "அவருக்கு உடுக்கச் சாரம் எடுக்கக் காத்தான்குடிக்குப் போறன்" எண்டு சொல்லி பஸ் ஏறினாள்.

இனிச் சொல்லப்போறது நான் கண்டதில்லை. பிறகு யசோதினி சொல்லியும் ஹப்ஸா சொல்லியும் அறிஞ்சது.

ஹப்ஸா காத்தான்குடிப் பிள்ளை. சார்ஜாவில் ஒரு அழகு நிலையத்தில் ஆறு வருசம் வேலை பழகி வந்து, வீட்டு முன் அறையில் திரை போட்டுப் பொம்பிளைகளுக்கு மட்டும் முக வேலை செய்கிறவள். முகத்தில் ஊசி ஓட்டுகிற வேலை அவளுக்குக் கை வந்தது. பேனை மாதிரி ஒரு மெசின், நுனியில் மயிர் போல பன்ரெண்டு ஊசி. அது தோலில் கண்ணுக்குத் தெரியாத துளை போட, தோல் தன்னைத்தானே புதுசாக்கிக்கொண்டு வருமாம். அப்படியே குழி மெல்ல மெல்ல மேலுக்கு வருமாம்.

"அவர் எப்ப வாறார் அக்கா?" எண்டு ஹப்ஸா கேட்டிருக்கிறாள்.

"செவ்வாய்."

"ஆறு நாள்தானே இரிக்கி. இது ஒரு தரத்தில சரிவாற வேலை இல்ல அக்கா. மாசத்துக்கு ஒண்டு, நாலு தரம் செய்யணும். இப்ப செய்தா மூணு நாள் முகம் வெந்த மாதிரிக் கிடக்கும். அவர் வந்து போகட்டும், ஆறுதலாச் செய்வம்."

"அவர் போனாப் பிறகு எனக்கு என்னத்துக்குத் தங்கச்சி?"

ஹப்ஸா திரையை இழுத்துவிட்டாள். மரத்துப்போகிற கிறீமைப் பூசி முக்கால் மணித்தியாலம் வைச்சாள். புது ஊசியை உறை உடைச்சுக் காட்டிவிட்டுத்தான் மாட்டினாள். குளவி இரைகிற மாதிரிச் சத்தம். நெற்றியிலும் கன்னத்திலும் இரத்தம் பொட்டுப் பொட்டாகப் பூத்தது, துடைச்சாள். முடிச்சுவிட்டு, "மூணு நாளைக்கு வெயில் வேணாம், அடுப்படி வேணாம், பச்சத் தண்ணி மட்டும். ஒரு கிறீமும் பூசாதீங்க. மஞ்சள் வேணவே வேணாம். எங்கட ஊர்ப் பொம்பிளைகள் எல்லாத்துக்கும் மஞ்சளத்தான் தூக்கிக்கொண்டு வருவாங்க" எண்டு சிரிச்சிருக்கிறாள். சனிக்கிழமைக்குள் சிவப்புப் போய்விடும் எண்டாள்.

போயிருக்கும். வியாழன் பின்னேரம் யசோதினி கண்ணாடியைப் பார்த்துப் பயந்து, தான் வழமையாகப் பூசுகிற வெள்ளையாக்குகிற கிறீமை எடுத்துப் பூசிவிட்டாள். சுறுக்காக ஆறும் எண்ட எண்ணம். துளைபட்ட தோலில் அது போய்ப் பிடிச்சது. வெள்ளி ராவு முகமெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம், நுனியில் வெள்ளை. உடம்பும் கொஞ்சம் காய்ந்தது. அதுவரைக்கும் தாய்ட்ட, வெயில் பட்ட சிவப்பு எண்டு சொல்லித் தலைப்பால் மூடித் திரிஞ்சாளாம்.

சனிக்கிழமை காலம சீதேவிப்பிள்ளை என்னட்ட ஓடி வந்தாள். "அண்ணன், பிள்ளைட முகத்தைப் பாருங்க. நேத்துப் பகல் நல்லா இருந்தவள்."

அந்த வைகாசி எங்கட ஒழுங்கையிலேயே மூண்டு வீட்டில் வேப்பங்குழை கட்டியிருந்தது. கொப்புளிப்பான் எண்டு டொக்டர்மார் சொல்லுவார்கள். நாங்கள் அம்மாள் எண்டுதான் சொல்லுவோம், அதுவும் மெல்லத்தான். நான் போய் வாசலில் நிண்டு பார்த்தேன். யசோதினி கட்டில் ஓரத்தில் குந்தியிருந்தாள். முகம் சிவந்து, முத்து முத்தாக. எனக்கு வேற ஒண்டும் யோசிக்க வரவில்லை. வயசு போன கண். ஆனால் கண்ணைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நான் அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டேன். "தாயே, வந்திட்டியா? எங்கட வீட்டுக்கு வந்திட்டியா? குளிர்ந்து போ தாயே."

அம்மாள் வந்த ஆளை நாங்கள் ஆளாகப் பார்க்கிறதில்லை. அவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமன் நான், அவள்ட காலடியில் கிடந்தேன். பக்கத்தில் அவள்ட தாய். யசோதினி வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தாள் எண்டு கண்டேன். அம்மாள்தான் பேச வாறா எண்டு நான் இன்னும் தலையைப் புதைச்சேன். நிமிர்ந்து பார்க்க, வாய் மூடிக் கிடந்தது.

பிறகென்ன. வளவு வாசல் கடப்படியில் வேப்பங்குழை, யன்னலில் வேப்பங்குழை. தாளிப்பு இல்லை, மீன் இல்லை. போன் வெளிச்சம் ஆகாது எண்டு நான்தான் போனை வாங்கி அலுமாரிக்குள் வைப்பிச்சேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு முகத்தில் அப்பினாள் தங்கச்சி. ஊசி போன தோலில் அது நெருப்பு மாதிரி எரிஞ்சிருக்கும். யசோதினி தலையணையைக் கடிச்சுக்கொண்டு கிடந்தாள். "தாய் விளையாடுறா" எண்டு சீதேவிப்பிள்ளை கையெடுத்தாள்.

நான் கடப்படியில் ஒரு கதிரை போட்டுக் காவல் இருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு ஓட்டோ வந்து நிண்டது. பர்தாப் போட்ட ஒரு பிள்ளை இறங்கி, குழையைப் பார்த்துவிட்டுத் தூரத்திலேயே நிண்டாள்.

"ஐயா, யசோ அக்காட வீடுதானே? போன் எடுத்தா எடுக்கிறா இல்ல."

"நீ ஆர் புள்ள?"

"காத்தான்குடி. ஹப்ஸா. எனக்கு அக்காவைத் தெரியும்."

"ஆர்ர மகள்?"

"ஜெமீலாட மகள்."

"எந்த ஜெமீலா? பாய் வித்த உசனார்ர மகள் ஜெமீலாவா?"

"ஓம் ஐயா, அவர் எங்கட மூத்தவாப்பா."

எனக்கு வாய் நிறைஞ்சு போனது. "உசனார்ர பேத்தியா நீ? அவர் மாட்டு வண்டிலில பன்பாய் ஏத்திக்கொண்டு வந்தா எங்கட வீட்டிலதான் மத்தியானச் சோறு. உங்க மூத்தும்மாவுக்கு ஒரு கண் கொஞ்சம் சரிவு, இல்லையா? அவட தம்பி ஒராள் ஏறாவூரில முடிச்சவர்." அவள் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டாள். அவள்ட குடும்பத்தில் அவளுக்கே தெரியாத மூண்டு பேரை நான் சொன்னேன். என்னத்துக்கு வந்தாய் எண்டு மட்டும் கேட்கவில்லை.

அவள்தான் கடைசியில், "அக்காட முகம் என்ன மாதிரி ஐயா?" எண்டாள்.

"முகத்திலதான் தாய் கூடப் போட்டிருக்கிறா."

"முதுகில, வயித்தில?"

"அவ விரும்பின இடத்தில போடுவா புள்ள. நாம கேக்கிறதா?"

அவள்ட முகம் மாறினது. "நான் ஒருக்காப் பாக்கலாமா ஐயா? ஒரு மருந்து கொண்டு வந்திருக்கன்."

"ஏலாது மகள். நீ பிரயாணம் வந்த ஆள். மருந்தும் ஆகாது. தாய் கோவிப்பா."

அவள் யன்னலைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்; குழைதான் ஆடினது. குழைக்குப் பின்னால யசோதினி நிண்டு, சொல்லாதே எண்டு வாயில் கை வைச்சுக் காட்டினாளாம். ஹப்ஸா கையில் இருந்த மருந்தைப் பைக்குள் வைச்சாள். "மஞ்சள் மட்டும் பூச வேணாம் ஐயா. எரியும்" எண்டாள்.

"உசனார்ர பேத்தி அம்மாளுக்கு வைத்தியம் சொல்றா" எண்டு நான் சிரிச்சேன். அவள் சிரிக்கவில்லை. சலாம் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய, கொழும்பில் இருந்து வான் வந்தது. திவாகரன் பெட்டிகளோடு இறங்கினான். மெலிஞ்சு, மீசை நரைச்சுப் போய். குழையைக் கண்டு அப்படியே நிண்டான்.

"தம்பி, கோவிக்காத. உள்ள தாய் வந்திருக்கிறா. பிரயாணக்காரர் படி மிதிக்கக் கூடாது. கல்லடிக்கு, உன்ட அம்மாட்டப் போய் இரு."

"நாலு வருசமா நான் வாறன் வாறன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தன் மாமா. தாய் ஒரு கிழமை பிந்தி வந்தா என்னவாம்?"

"வாயைக் கழுவு தம்பி."

"கழுவுறன். பாக்கக் கூடவா ஏலாது?"

"யன்னலுக்கு வெளியால நிண்டு கதைச்சிட்டுப் போ. மூண்டு தண்ணி வாக்க வேணும். அஞ்சாம் நாள், ஏழாம் நாள், ஒம்பதாம் நாள். வாற ஞாயித்துக்கிழமை முடியும்."

அவன் ஒவ்வொரு பின்னேரமும் கல்லடியில் இருந்து மோட்டார்சைக்கிளில் வருவான். யன்னலுக்கு வெளியால மணலில் நிற்பான். உள்ளுக்குள் இவள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருப்பாள். எனக்குக் காதில் விழும்.

"முகத்தைக் காட்டன்."

"வேணாம்."

"அம்மாள் வந்த முகம்தானே. எனக்குப் பயமில்ல."

"எனக்குப் பயம்."

மூண்டாம் பின்னேரம் அவர்கள் கனநேரம் மெல்லக் கதைச்சார்கள். என்ன கதை எண்டு எனக்குக் கேட்கவில்லை. அவன் போகேக்குள்ள என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா மாமா?" எண்டு கேட்டான். அதுக்குப் பிறகு அவன் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் இல்லை, என்னோடு பகிடி விடவும் இல்லை. வந்தால் யன்னலில் கை வைச்சுக்கொண்டு நிற்பான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தினை நாள் எண்டு மட்டும் எண்ணுவான்.

ஞாயிறு வந்தது. மூண்டாம் தண்ணியும் வார்த்தாகிவிட்டது. தண்ணி வார்க்கேக்குள்ளதான் நான் முகத்தைத் திரும்பக் கண்டேன். முத்து ஆறவில்லை. கொஞ்ச இடம் சீழ் வைச்சு, மஞ்சளோடு சேர்ந்து கறுத்துக் கிடந்தது. அது எனக்குப் பயத்தைத் தந்தது. இன்னும் பன்ரெண்டு நாளில் கோயிலில் குளிர்த்தி. அம்மனை வருசத்துக்கு ஒருக்காக் குளிரப் பண்ணுகிற சடங்கு.

"குளிர்த்தி முடியட்டும். அது மட்டும் குழையை அவிழ்க்கப் படாது" எண்டேன்.

சீதேவிப்பிள்ளை என்ட கையைப் பிடிச்சாள். "அண்ணன், மூண்டு தண்ணிதானே வழமை. அந்தப் பிள்ளை நாலு வருசத்தால வந்து மணலில நிக்கிறான். லீவு முடியப் போகுது."

நான் அவளுக்குப் புஸ்பத்தின் கதையைச் சொன்னேன். புஸ்பம் எங்கட பெரியம்மாட மகள். சூறாவளி அடிச்ச வருச வைகாசியில் அவளுக்கு அம்மாள். மூண்டு தண்ணியோடு குழையை அவிழ்த்துப் புருசனைக் கூப்பிட்டாள். அந்த வருசமே அவன் செத்தான். எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கதைக்கு மறுகதை இல்லை. அவன் செத்தது நாலு மாதம் கழிச்சு வட்டையில் வயலுக்குத் தண்ணி கட்டப் போய்ப் பாம்பு கடிச்சு எண்டது எனக்குத் தெரியும். அண்டைக்கு அது எனக்கு வேற கணக்காகப் படவில்லை.

திவாகரனுக்கு நான்தான் சொன்னேன். அவன் யன்னலைப் பார்த்தான். பிறகு, "சரி மாமா" எண்டான். ஒரு சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு இப்ப ஆறுதலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை குளிர்த்தி முடிஞ்சது. சனி விடிய நானே போய்க் குழையை அவிழ்த்தேன். செவ்வாய் விமானம், திங்கள் பின்னேரம் புறப்பட வேணும். மூண்டு நாள் இருந்தது. திவாகரன் வெள்ளன வந்துவிட்டான். நான் கடப்படியில் நிண்டு, "போ தம்பி, உன்ட வீடு" எண்டேன்.

சீதேவிப்பிள்ளை வெளியால வந்து என்னைக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை. யசோதினிக்கு மாதத்தில் வருகிறது அண்டைக்குக் காலமதான் வந்திருந்தது.

அதுக்குள்ள அவன் உள்ளே போயிருந்தான். மூண்டு நாளும் அவன் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. வீட்டு ஓட்டைத் திருத்தினான், கிணத்துக்கு வாளி வாங்கிப் போட்டான். அவளுக்குப் பக்கத்தில் இருந்து பயறு அவிச்சுக் குடுத்தான். திங்கட்கிழமை வான் வரேக்குள்ள, அவள் முகத்தை மூடாமல் கடப்படி வரைக்கும் வந்தாள். கன்னத்தில் பெரிய கறுப்புப் படைகள். அவன் எல்லாருக்கும் முன்னால அந்தக் கன்னத்தில் கை வைச்சான். எங்கட ஊரில் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

பிறகு அவன் ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வந்தான். முழுசாக ஒரு மாதம் நிண்டான். யசோதினி மாதாமாதம் காத்தான்குடிக்குப் போய் வந்தாள். ஏன் எண்டு நான் கேட்கவில்லை. அவள்ட முகம் மெல்ல மெல்லத் தெளிஞ்சது. குழிகூடக் குறைஞ்சு போனது. தாய்ட கருணை எண்டு நான் நினைச்சேன். முகம் தெளிஞ்சது, வயிறு திறக்கவில்லை. அவன் போனாப் பிறகு கிளினிக்கில், இனி வர வேண்டாம் எண்டு பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இந்த வைகாசிக்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். அவளுக்கு அம்மாள் வந்து குளிர்ந்ததுக்கு ஒரு நேர்கடன் பாக்கி எண்டு என்ட மனசில் கிடந்தது. அதைத் தீர்த்தால் பிள்ளை கிடைக்குமோ எண்டு ஒரு நப்பாசை. வெள்ளித் தகட்டில் ஒரு முகம் அடிப்பிச்சு, கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள்ட வீட்டுக்குப் போனேன். அவள் கடைக்கு வெளிக்கிட்டு நிண்டாள்.

"இதைக் குளிர்த்தியண்டு உன்ட கையால போடு புள்ள."

அவள் கடதாசியை விரிச்சுப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் வாயும், குழி ஒண்டும் இல்லாத முகம். அதைத் திரும்பச் சுற்றினாள்.

"மாமா, அது அம்மாள் இல்ல."

"எது புள்ள?"

"அண்டைக்கு என்ட முகத்தில வந்தது." கதிரையில் குந்திக்கொண்டு எல்லாத்தையும் சொன்னாள். காத்தான்குடி, ஊசி மெசின், கிறீம், எல்லாம். குரல் உயரவில்லை. சங்கக் கடையில் விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"அண்டைக்கே ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க என்னட்ட ஒண்டும் கேக்கல்ல மாமா. கும்பிட்டீங்க."

"திவாகரனுக்குத் தெரியுமா?" எண்டு கேட்டேன்.

"மூண்டாம் நாளே யன்னலால சொல்லிட்டன்."

"அவன் ஏன் வாய் திறக்கல்ல?"

"நான்தான் வேணாமெண்டன். வெளியில தெரிஞ்சா ஹப்ஸாட வாசலில போய் நிண்டு சனம் சண்டை பிடிக்கும். உங்களையும் கோயிலில வைச்சுச் சிரிப்பாங்க. ஊசி குத்தின முகத்தைக் கும்பிட்ட வண்ணக்கர் எண்டு. அவரும் யோசிச்சார். ஞாயித்துக்கிழமைதானே, பொறுப்பம், மாமாவை அவமானப்படுத்த வேணாம் எண்டார்." அவள் கடதாசிப் பொட்டலத்தை என்ட கையில் வைச்சாள். "மறுகா நீங்க குளிர்த்தி மட்டும் எண்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சங்கக் கடைக்கு நேரம் போகுது எண்டு குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் அடுத்த நாள் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய் ஹப்ஸாவைக் கண்டேன். அவள் வெளியில் வந்து எனக்குக் கதிரை போட்டாள். "அண்டைக்கு நான் சொல்லியிருக்கணும் ஐயா" எண்டு அழுதாள். "நீ சொன்னாய் மகள். மஞ்சள் பூச வேணாம் எண்டாய்" எண்டேன்.

இந்த வருசக் குளிர்த்திக்குக் கூட்டம் கூடேக்குள்ள, மற்றக் குடி வண்ணக்கர் ஒருவர் கேட்டார், "அண்ணன், உங்களுக்கும் வயசு போகுது. உங்களுக்குப் பிறகு உங்கட குடியில ஆர்?" எங்கட வழமைப்படி அந்தப் பொறுப்பு எனக்குப் பிறகு என்ட மகனுக்குப் போகாது. தங்கச்சி மகள்ட வயிற்றில் வருகிற ஆம்பிளைக்குப் போக வேணும். அவர் வேற ஒண்டும் நினைச்சுக் கேட்கவில்லை. நான் யோசிச்சுச் சொல்கிறேன் எண்டேன்.

அங்கேயிருந்து நேரே தங்கச்சி வீட்டுக்குத்தான் கால் போனது. அண்டைக்கு நான் காவல் இருந்த கதிரை, நிறம் போய், இன்னும் கடப்படியில்தான் கிடந்தது. அதில் இருந்தேன். வெள்ளி முகம் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே யசோதினி போனில் திவாகரனோடு கதைச்சுக்கொண்டிருந்தாள். இப்ப அவள் அந்த மினுக்குகிற வித்தையை அமத்துகிறதில்லையாம், தாய்தான் சொன்னாள். கறுப்பு ஒரு புள்ளி தாடையடியில் மிச்சம் இருக்கிறது. அதைக் காட்டு எண்டு அவன் கேட்பானாம்.

கதைச்சு முடிச்சுவிட்டு வெளியால வந்தவள் என்னைக் கண்டாள்.

"ஏன் மாமா வெளியால இரிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்கவன்."

"பரவாயில்ல புள்ள. இஞ்சயே இருக்கன்."

அவள் உள்ளே போய்ப் பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டு வந்து, கடப்படியிலேயே என்ட கையில் தந்தாள்.